நரம்புறை நோயாளரும் மயக்க மருந்தும்

இவ்விழா மலருக்கு இலக்கியக் கட்டுரையொன்று தருமாறே மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டிருந்தனர். அதற்கான குறிப்புக்களைத் திரட்டிக்கொண்டிருந்த வேளையில், கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவரின் மின்னஞ்சல் வந்து எமது எண்ணத்தைத் திருப்பிவிட்டது. அவர் மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ் என்னும் நரம்பு நோயுடன் ஒன்பது ஆண்டுகளாக வாழ்ந்து வருபவர். பித்தப்பையிற் கல் உண்டாகி அடிக்கடி வலி வருத்தவே, சத்திரசிகிச்சை செய்து பித்தப்பையை அகற்றல் வேண்டும் என வைத்தியர் கூறினர். இருமுறை நாள் குறிக்கப்பட்டது. இருமுறையும் வீட்டாரே அதனைத் தள்ளிவைத்தனர். மயக்க மருந்து ஏற்றினால் இருக்கின்ற நடையும் போய்விடும் என்று உறவினர் ஒருவர் சொல்லிய சொல் குடும்பம் முழுவதையும் பற்றிக்கொண்டதே காரணம். “சேர், இது உண்மைதானா? விசாரித்துச் சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தார்.

தமிழாசிரியரிடம் இதனைக் கேட்பானேன் என வாசகர் நகைக்கலாம். பயிற்றப்பட்ட தமிழாசிரியராகிய எமக்கு வைத்திய நூற்பயிற்சி இல்லை. ஆயினும், ஊர் ஆசிரியர் எதையும் அறிவார் என்ற பழைய நம்பிக்கை கடல் தாண்டியும் சிலரிடம் நிலைத்திருக்கின்றது. அதனைக் குலைக்க எமக்கு மனமில்லை. எம்மிடம் பயின்று, இன்று ஒருவர் மயக்க மருந்து வைத்தியராகவும் மற்றவர் நரம்பியல் வைத்தியராகவும் விளங்கும் பழைய மாணவர் இருவரைக் கேட்டும், அவர்கள் காட்டிய நூல்களையும் ஆய்வுகளையும் பொறுமையோடு படித்தும் அறிந்தவற்றை ஈண்டுத் தருகின்றோம். தனித்தனி நோயாளருக்குரிய முடிவு அவரவர் வைத்தியருக்கே உரியது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எமது மலரில் இந்நோயைப் பற்றிப் பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. உலகெங்கும் ஏறத்தாழ 29 இலட்சம் பேர் இதனோடு வாழ்கின்றனர். எனினும் எங்கும் ஒரே அளவிற் பரவியதன்று. நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் இது அரிது. வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் மிகுதி. பிரித்தானியாவில் மாத்திரம் இந்நோயாளர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் உளர். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், வாழ்வு தழைக்கின்ற பருவத்திலே, இது தொடங்கும். ஆடவரினும் பெண்டிரை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றும். 1990-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு எம்மவர் கருத்தில் வைக்கத்தக்கது. இந்தியத் துணைக்கண்டம், ஆபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய இடங்களிலிருந்து குடியேறியோருக்கு அந்நாட்டிற் பிறந்த பிள்ளைகளிடத்து, இந்நோய் அந்நாட்டு மக்களிடம் காணப்படும் அளவை நெருங்கிவிட்டதென அது காட்டிற்று. பெற்றோரை அரிதாகத் தொடும் நோய் பிள்ளைகளை அவ்வாறு விட்டுவிடுவதில்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் கிளைத்து வாழும் எமது பழைய மாணவர் குடும்பங்கள் இதனை வேற்றார் நோய் என்று இருந்துவிடுதல் இயலாது.

1868-இல் பாரிசு நகரத்துச் சல்பெற்றியேர் வைத்தியசாலையிற் பணிபுரிந்த சார்க்கோ என்பவரே இதனைத் தனி நோயாக வகுத்து விளக்கியவர். இறந்தோரின் மூளையிலும் முண்ணாணிலும் ஆங்காங்கே தடித்து இறுகிய திட்டுக்களை அவர் எடுத்துக்காட்டினார். நோயின் மேனாட்டுப் பெயரும் ‘பலவிடத்து இறுக்கம்’ என்னும் பொருளதே. அத்திட்டுக்கள் உண்டாகும் வகை யாதெனின், நரம்பு நார்களைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை ஒன்று உண்டு. உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே மாறுபட்டு அவ்வுறையைத் தாக்கி அழிக்கின்றது. வேலியே பயிரை மேய்ந்தால் என் செய்வது? அழிந்த இடத்திலே தழும்பு விழுகின்றது. ஆதலின் இக்கட்டுரையில் இதனை நரம்புறை நோய் என வழங்குகின்றோம்.

இவ்வுறையை மின்கம்பியின் இறப்பர்ச் சுற்றுக்கு ஒப்பிடுவது வழக்கம். எமக்கு அவ்வுவமை போதாதென்றே தோன்றுகின்றது. மயலின் உறை இடையறாது ஓடுவதன்று; சிறு சிறு இடைவெளி விட்டு அமைந்தது. கணத்தாக்கம் எனப்படும் நரம்புச் செய்தி ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிச் செல்கின்றது. எமது விளையாட்டுப் போட்டியின் அஞ்சலோட்டத்தை நினைத்துக்கொள்க. உறையுள்ள நார்களுள் மிக விரைவானவற்றிற் செய்தி ஒரு செக்கனில் 100 மீற்றருக்கு மேலும் செல்லும். உறையே இல்லாத மெல்லிய நார்களில் அது ஒன்றிரண்டு மீற்றரே செல்லும். உறை சிதைந்த இடத்திலோ, கோலை வாங்கவேண்டியவன் கைக்கெட்டாத் தூரத்தில் நிற்கின்றான். சில வேளை தட்டுத்தடுமாறிக் கோல் கைமாறும். சில வேளை நிலத்தில் விழும். பார்வை மங்கல், கைகால் உணர்விழத்தல், நடை தளர்தல், தசை இறுகல், சிறுநீரை அடக்கவியலாமை, துயின்று எழுந்தாலும் தீராத சோர்வு ஆகியன இதன் விளைவுகள். பலருக்கு இந்நோய் தாக்கியும் தணிந்தும் வரும். தணிந்திருக்கும் காலம் சில மாதமாகவும் இருக்கலாம். பல ஆண்டாகவும் இருக்கலாம்.

இனி வெப்பத்தைப் பற்றிச் சொல்லல் வேண்டும். ஏனெனில் மயக்க மருந்தின்மேல் விழுந்த பழியிற் பெரும்பங்கு வெப்பத்திற்கே உரியது. 1890-இல் ஊத்தொப் என்னும் செருமானியக் கண் வைத்தியர், இந்நோயாளர் சிலர்க்கு உடல் வருந்த இயங்கியவுடன் பார்வை மங்கி, ஓய்ந்தபின் தெளிவதைக் குறித்துவைத்தார். உடற்சூடே அதற்குக் காரணம் என்பது பின்னர் விளங்கிற்று. சிதைந்த நாரிலே செய்தி மயிரிழையிற் கடந்துகொண்டிருக்கின்றது. சூடு ஏறும்போது நாரிலுள்ள சோடிய வாயில்கள் விரைந்து மூடிக்கொள்ள, தாவுதற்கு வேண்டிய மின்னோட்டம் போதாமற் போகின்றது. அரைப் பாகை செல்சியசு ஏறினாலே சிலருக்கு அது போதும். நோயை உறுதிசெய்வதற்காக நோயாளரை வெந்நீர்த் தொட்டியில் இருத்திப் பார்க்கும் வழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது! சூடு தணியப் பழைய நிலை மீளும். உறையில் புதிதாக அழிவெதுவும் நேரவில்லை. பழைய தழும்புகளே மீண்டும் வாய் திறந்தன. இதனை வைத்தியர் மெய்யான தாக்கத்திலிருந்து பிரித்துப் பொய்த்தாக்கம் என்பர்.

சத்திரசிகிச்சைக்குப் பின் காய்ச்சல் வருதல் புதுமையன்று. காய்ச்சல் வருகின்றது, கால் தளர்கின்றது, சுற்றத்தார் முதல்நாள் ஏற்றிய மயக்க மருந்தை நினைக்கின்றனர். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையே இது.

பழைய வைத்திய ஏடுகளும் இவ்வச்சத்துக்கு இடங்கொடுத்தன. முள்ளந்தண்டில் ஊசி ஏற்றி இடுப்பின்கீழ் உணர்விழக்கச் செய்யும் முறை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எங்கும் பரவிற்று. அவ்வூசிக்குப் பின் நோய் மிகுந்த ஓரிருவரின் வரலாறுகள் ஏடுகளில் வெளிவந்தன. மிகாத பலரின் வரலாற்றை எழுதுவாரில்லை. தானே எழுந்தும் தணிந்தும் வருகின்ற நோயில், எந்த நாளைக் குறித்துக்கொண்டாலும் அதன் பின்னே சிலருக்குத் தாக்கம் வந்தே தீரும். இதனைத் தெளிய வேண்டின் பலரை ஒருங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறு எண்ணிப் பார்த்தவற்றுள் தலைசிறந்தது, 1998-இல் கொன்பவ்றோ என்னும் பிரெஞ்சு நரம்பியல் வைத்தியரும் அவருடன் கூடியோரும் வெளியிட்ட ஆய்வு. ஐரோப்பாவின் 12 நாடுகளில் இந்நோயுடைய 254 பெண்களின் 269 கருப்பங்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தனர். கருப்பத்தின் இறுதி மூன்று மாதங்களில் தாக்கம் வெகுவாகக் குறைவதையும், பிரசவத்தின் பின் முதல் மூன்று மாதங்களில் அது மிகுவதையும் கண்டனர். ஆனால் எபிடியூரல் முறையால், அதாவது முண்ணாணை மூடிய சவ்வின் புறத்தே மருந்து செலுத்தி, நோவு தணிக்கப்பட்ட பெண்கள் 42 பேருக்கு அத்தாக்கம் ஏனையோரினும் மிகவில்லை. பிரசவத்தின் பின் இயல்பாக வருவதை ஊசியின் தலையிற் கட்டிவந்தனர் என்பது இதனால் வெளியாயிற்று. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட ஆய்வும், சத்திரசிகிச்சையும் மயக்க மருந்தும் தாக்கத்தைக் கூட்டின எனக் காணவில்லை. முழு மயக்கத்துக்கு இன்று வழங்கும் புறொப்பபோல், செவோபுளூரேன் முதலியனவும் நோயை வளர்த்தமைக்குத் தக்க சான்று இல்லை. முண்ணாணைச் சூழ்ந்த நீரினுள்ளே நேராக மருந்து செலுத்தும் முறையில் மாத்திரம் சில வைத்தியர் இன்னும் சற்றுத் தயங்குவர். உறையிழந்த முண்ணாணை மருந்து மிகுதியாகத் தீண்டுமோ என்பது அவர் ஐயம். இம்முறையும் விலக்கப்பட்டதன்று, இயன்ற அளவு குறைந்த மருந்தைக்கொண்டு, நன்மை தீமைகளை நோயாளரோடு பேசி முடிவு செய்கின்றனர்.

அப்படியாயின் அஞ்சத்தக்கது எதுவுமே இல்லையோ எனின், உண்டு. ஆனால் அது ஊரார் அஞ்சும் இடத்தில் இல்லை.

தொண்டையிற் குழாய் இடுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் மருந்துகளுள் சக்சமெத்தோனியம் என ஒன்றுண்டு. ஒரு நிமிடத்துள் வேலை செய்வதால் அவசர வேளைகளிற் கைகொடுப்பது. உடல்நலமுடையோரில் நரம்பு தசையைத் தொடும் இடத்தில் மாத்திரமே இம்மருந்தை ஏற்கும் வாயில்கள் செறிந்திருக்கும். நெடுநாள் அசைவற்றுக் கிடந்த தசையிலோ அவ்வாயில்கள் தசை முழுவதிலும் முளைத்துவிடுகின்றன. அந்நிலையில் இதனை ஏற்றின், தசையிலுள்ள பொற்றாசியம் ஒருங்கே குருதியிற் கொட்டி, இதயத் துடிப்பு நிலைகுலையவும் நிற்கவும் கூடும். ஆதலின் கால்கள் முற்றாகச் செயலிழந்தோர்க்கும் படுக்கையிலே நாள் கழிப்போர்க்கும் இதனை விலக்கி, ரொக்குரோனியம் போன்ற வேறொன்றை வழங்குவர். தசை எவ்வளவு தளர்ந்துள்ளது என்பதைக் கையில் நுண்ணிய மின்தூண்டல் கொடுத்து அளக்கும் கருவியும் உண்டு. நோய் தாக்கிய கையில் அளந்தாற் கணக்குத் தவறக்கூடும். எனவே எந்தக் கை நல்ல கை என்பதும் வைத்தியர் அறியவேண்டிய செய்தியே.

அடுத்தது, நோயாளர் அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகள். தசையிறுக்கத்துக்குப் பக்லோபென் என்னும் மாத்திரையைப் பலர் பல ஆண்டுகளாக உண்கின்றனர். ‘நள்ளிரவுக்குப் பின் எதுவும் உண்ணலாகாது’ என்று வைத்தியசாலையிற் சொல்லிவிட, நோயாளர் அம்மாத்திரையையும் நிறுத்திவிடுகின்றார். சத்திரசிகிச்சைக்குப் பின்னும் ஒன்றிரண்டு நாள் எவரும் அதனை நினைப்பதில்லை. பக்லோபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதன தோன்றல், கடுங்காய்ச்சல், முன்னிலும் கொடிய இறுக்கம் ஆகியன வரக்கூடும். மருந்தின்மையால் வந்த இதனையும் மயக்க மருந்தின் கணக்கிலே எழுதிவிடுவர்! மாத்திரையைச் சிறிதளவு தண்ணீருடன் உட்கொள்ளலாமா என முற்கூட்டியே கேட்டறிதல் கடன். சில வாரங்களுக்கு மேலாக ஸ்ரீரொயிட் மருந்து உண்டோர் அதனையும் சொல்லல் வேண்டும்; அவர்தம் உடல் தானே சுரக்கவேண்டியதைச் சுரக்க மறந்திருப்பதால், சத்திரசிகிச்சை நாளில் மேலதிகமாகக் கொடுக்க நேரிடும்.

நோயின் தாக்கத்தைக் குறைப்பதற்கென இன்று வழங்கும் மருந்துகள் பல, நிர்ப்பீடனத்தைத் தாழ்த்துவன. கிருமி தொற்றுமென்று அஞ்சி நோயாளர் தாமே அவற்றை நிறுத்துதல் பெருந்தவறு. நற்றாலிசுமாப், பிங்கோலிமொட் போன்றவற்றை நிறுத்தினால் அடங்கியிருந்த நோய் முன்னிலும் வேகமாகக் கிளர்தலும் உண்டு. பிங்கோலிமொட் முதன்முறை உண்ணும்போது இதயத் துடிப்பைத் தாழ்த்தும் இயல்பினது. 14 நாளுக்கு மேல் இடையில் விட்டவர் முதல்நாள் போலவே வைத்தியர் கண்காணிப்பில் மீண்டும் தொடங்கவேண்டும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை நரம்பியல் வைத்தியரும் மயக்க மருந்து வைத்தியரும் கலந்து முடிவு செய்யட்டும்.

மூச்சைப் பற்றியும் ஒரு சொல். நோய் முதிர்ந்தோர் சிலரில் பிரிமென்றகடும் மார்புத் தசைகளும் வலி குன்றியிருக்கும். இருமுதலும் விழுங்குதலும் செவ்வையாக நடைபெறா. இத்தகையோர் மயக்கம் தெளிந்தபின் சளியை வெளியேற்றமாட்டாது நியூமோனியாவுக்கு ஆளாகலாம். ‘சாப்பிடும்போது புரையேறுகின்றதா? பலமாக இருமமுடிகின்றதா?’ என்னும் எளிய வினாக்களுக்கு விடை தெரிந்தால், சத்திரசிகிச்சைக்குப் பின் அவரைத் தீவிர கண்காணிப்பில் வைக்க முற்கூட்டியே இடம் ஒழுங்கு செய்யலாம். தோலில் உணர்வற்ற பகுதி இருப்பின் மேசையிற் படுக்கவைக்கும்போது அவ்விடத்துக்கு மெத்தை வைத்துப் படுக்கைப்புண்ணைத் தடுக்கலாம்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக்குகின்றது. அந்நான்கனுள் முதலில் வைத்து எண்ணப்படுபவன் மருத்துவனல்லன், நோயுற்றவனே. நோயாளன் அளவும் நோயின் அளவும் காலமும் ஆராய்ந்து செயற்படுக என்றும் அவ்வதிகாரம் கூறும். இன்றைய மயக்க மருந்து வைத்தியர் சத்திரசிகிச்சைக்குச் சில நாள் முன்பே நோயாளரைக் கண்டு செய்வதும் இதுவே. கை கால் வலி, உணர்வு, பார்வை, சிறுநீர் நிலை யாவற்றையும் அன்று சோதித்து எழுதிவைப்பர். அவ்வெழுத்து இல்லையாயின், பின்னர்க் காணும் குறை புதியதோ பழையதோ என எவராலும் சொல்லவொண்ணாது. காலத்தைப் பொறுத்தவரை, அவசரமில்லாத சத்திரசிகிச்சையை நோய் தாக்கிக்கொண்டிருக்கும் வேளையில் வைத்துக்கொள்ளார். அவசரமானதை எக்காரணத்தாலும் தள்ளிவைக்கலாகாது. எமது மாணவரின் பித்தப்பை சீழ்க்கொண்டிருப்பின் அதனால் வரும் காய்ச்சலே அவர் நடையைப் பறித்திருக்கும். வீட்டார் எதற்கு அஞ்சினரோ அதனையே தள்ளிவைத்தல் கொண்டுவந்திருக்கும்.

அவர் மூன்றாம்முறை குறித்த நாளிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். மறுநாள் காய்ச்சல் கண்டது. இடக்கால் தூக்கவியலாது போயிற்று. மனைவியார் அழுதார் எனவும், நரம்பியல் வைத்தியரோ முதலிற் சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார் எனவும் எழுதியிருந்தார். சிறுநீர்க் குழாய் வழியே கிருமி தொற்றியிருந்தது. குழாயை அகற்றிக் கிருமிக்கு மருந்து கொடுக்க, நான்காம் நாள் கால் பழையபடி மீண்டது. இந்நோயாளருக்குச் சிறுநீர்ப்பை முற்றாக வெறுமையாவதில்லையாதலின் இத்தொற்று எளிதில் வரும். குழாயை இயன்றளவு விரைவில் எடுத்துவிடல் நன்று. காய்ச்சலை உடனே தணித்தல் வேண்டும். அதற்காக நோயாளரை வேண்டாது குளிரூட்டுதலும் தகாது. நடுக்கம் தசையிறுக்கத்தைக் கூட்டும். மெய்யின் இயல்பான சூட்டைக் காத்தலே வேண்டுவது.

இறுதியாக எமது துறைக்குரிய செய்தியொன்று. பிறநாட்டு வைத்தியசாலைகளில் எம்மவர் முதியோர் தம் வருத்தத்தைத் தமிழிற் சொல்ல, பிள்ளைகளோ மொழிபெயர்ப்பாளரோ அதனைப் பெயர்த்துக் கூறுகின்றனர். ஈண்டுத்தான் சொல் எம்மை இடறிவிடுகின்றது. ‘கால் விறைப்பு’ என்றால் யாழ்ப்பாணத்தில் உணர்வின்மையும் ஆகும். மரக்கட்டைபோல் இறுகி நிற்றலும் ஆகும். நரம்புறை நோயில் இவை இரண்டும் வெவ்வேறு குறிகள். ஒன்றுக்குப் பக்லோபென் உண்டு. மற்றதற்கு அது உதவாது. ‘களைப்பு’ என்பது உடற்சோர்வையும் மூச்சிரைப்பையும் குறிக்கும். மயக்க மருந்து வைத்தியருக்கோ இவ்விரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ‘இழுப்பு’ என்பதை ஆஸ்துமா என்று பெயர்த்துவிடுவர். நோயாளர் சொல்லியது கால் நரம்பு இழுப்பதாகவும் இருக்கலாம். ‘முன்பு மயக்கம் வந்ததுண்டா?’ என்ற வினாவுக்குத் தலைச்சுற்றை நினைத்து ஒருவரும், முன்னைய சத்திரசிகிச்சையை நினைத்து மற்றொருவரும் விடை கூறுவர். மானிப்பாயில் டாக்டர் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, ‘இரணவைத்தியம்’ என நூலும் வெளியிட்டு ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அம்முயற்சி இடையறாது தொடர்ந்திருப்பின் இச்சொற்களை இன்று இவ்வாறு பிரித்துக்காட்ட வேண்டியிராது.

ஆதலின் சொல்லை விட்டு நிகழ்ச்சியைச் சொல்லுதல் நலம். ‘தொட்டால் தெரியவில்லை’, ‘முழங்காலை மடக்கமுடியவில்லை’, ‘இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகின்றது’, ‘படுத்திருக்கும்போது கால் தானாக உதறுகின்றது’ எனச் சொன்னால் எம்மொழியிலும் பிழையின்றிப் பெயரும். நோயின் பெயர், தொடங்கிய ஆண்டு, கடைசித் தாக்கம் வந்த மாதம், உண்ணும் மருந்துகளும் அவற்றின் அளவும், நல்ல கை எது, நரம்பியல் வைத்தியரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லலாம். அத்தாளைச் சட்டைப் பையில் வையாது தாதியின் கையிற் கொடுத்துவிடுக. சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் நுழையுமுன் சட்டையைக் களைந்து வேறு ஆடை உடுத்துவர்.